கமலா ஆரஞ்சு, நார்த்தங்காய் நெறைய இருக்கு, வீட்டுலயே காக்டெயில் போட ஐடியா குடுங்க

முத்தியால்பேட்டைக்காரன்:

எல்லாருக்கும் வணக்கம்பா. நியூ இயர் நைட்டு எங்க வீட்டு மொட்டமாடில ஒரு பன்னெண்டு பேரு கூடுறோம், அத்தை பையன் பாரிஸ்லேர்ந்து வர்றான், மச்சினன் பெங்களூருலேர்ந்து, ரெண்டு பேருமே பாருக்குப் போனா வாயில நுழையாத பேரு இருக்குற காக்டெயிலாதான் கேப்பானுங்க. நம்ம பாண்டில சரக்குக்கு என்ன பஞ்சம், ஆனா அவனுங்களுக்கு கோலால ஊத்திக் குடுத்தா வருஷம் பூரா சொல்லிக் காட்டுவானுங்க. இப்ப சீசன் வேற, பெரிய மார்க்கெட்ல கமலா ஆரஞ்சு குவிஞ்சு கெடக்கு, பாகூர்ல மாமியார் வீட்டு நார்த்த மரம் காய்ச்சுத் தள்ளுதுன்னு ஒரு சாக்கு குடுத்தனுப்பிட்டாங்க, கூடவே பெருசா ஒரு பம்ப்ளிமாஸும். அதனால பாக்கெட் ஜூஸ் எதுவுமே இல்லாம பழத்துலயே போடலாம்னு பாக்குறேன்.

சந்தேகம் என்னன்னா யூடியூப்ல எந்த வீடியோ பாத்தாலும் டிரிப்பிள் செக்கு, குவான்ட்ரோன்னு ஒன்ன ஊத்துறானுங்க, அந்த பாட்டில் வெலயக் கேட்டுட்டு கடையிலேர்ந்து அப்பிடியே வெளிய வந்துட்டேன். அது இல்லாம முடியாதா? ஆரஞ்சு ஜூஸ் ஊத்துன அயிட்டம் எங்க குடிச்சாலும் சப்புனு இருக்கே அது ஏன்? நார்த்தங்காய் ஊறுகாயத் தவிர இதுக்கெல்லாம் ஆகுமா ஆகாதா? ஷேக்கர் கெடையாது, வாங்குற ஐடியாவும் இல்ல. அண்ணி, பசங்க எல்லாம் மாடிக்கு வருவாங்க, அவங்களுக்கு சரக்கு இல்லாம ஒன்னு வேணும், சும்மா டாங்க் கலக்கிக் குடுக்க மனசு வரல. தெரிஞ்சவங்க சொல்லுங்க. குடிக்காதன்னு மட்டும் யாரும் வராதீங்க, அது பாட்டில்லயே எழுதியிருக்கு.


கட்டிங்பார்ட்டி:

ஆரஞ்ச உரிச்சு சைட் டிஷ்ஷா வெய்யி, சரக்க தண்ணில அடி. மேட்டர் ஓவர். எதுக்கு இவ்ளோ பில்டப்பு.


பழைய பார்மேன்:

தம்பி, மேல ஒருத்தரு சொல்றத காதுல வாங்காத. ஒயிட் டவுன்ல ஒரு ஓட்டல் பார்ல ரொம்ப காலம் நின்னவன் நான், இப்ப ரிட்டயர்டு. மொதல்ல ஒன்ன மண்டைல ஏத்திக்க. இந்த பழ வகைல வாசனை தோல்லதான் இருக்கு, புளிப்பு எலுமிச்சைல இருக்கு, ஆரஞ்சு ஜூஸ்ல இருக்கறது இனிப்பும் தண்ணியும்தான். கமலா ஜூஸ்ல ஆசிட்டு 1 சதவீதத்த ஒட்டித்தான் இருக்கும், எலுமிச்சைல 5, 6 சதவீதம் வரும். அதான் நீ சொன்ன சப்பு. சக்கரைய ஏத்து, கொற, என்ன வேணா பண்ணு, அது எந்திரிக்காது. எலுமிச்ச உள்ள போனாத்தான் எந்திரிக்கும்.

ஒரு கிளாஸுக்கு அளவு சொல்றேன், எழுதி வெச்சுக்க. சரக்கு 60 மில்லி, அதாவது ஒரு லார்ஜ். கமலா ஜூஸ் 45 மில்லி, எலுமிச்ச ஜூஸ் 20, தோல் சக்கரப் பாகு 15, ஒரு சிட்டிகை உப்பு. உப்ப விட்றாத, கசப்ப அமுக்கி பழத்த தூக்கிக் காட்டுறது அதான். சரக்கு வெள்ளை ரம் இல்லாட்டி ஜின் எடு. வோட்கா போட்டாலும் வரும், ஆனா அதுக்குனு சொந்தமா ருசி கெடையாது, ஜூஸ்தான் தெரியும். விஸ்கி வேணாம், கமலாவுக்கு அது ஒத்து வராதுன்றது என் அபிப்ராயம், சண்டைக்கு வர்றவங்க வரலாம்.

இப்ப தோல் சக்கர. இதான் உன் குவான்ட்ரோ பிரச்சனைக்கு பதில். அந்த பாட்டில்ல இருக்கறதே ஆரஞ்சுத் தோல் வாசனை ஏத்துன 40 சதவீத சாராயமும் சக்கரையும்தான், பிரான்ஸ்ல ஆன்ஜேன்ற ஊர்ல இனிப்பு ஆரஞ்சு, கசப்பு ஆரஞ்சு ரெண்டு தோலையும் போட்டு காய்ச்சுறான். நம்ம வீட்டுல காய்ச்ச வேண்டியதில்ல. நாலு கமலா, ரெண்டு எலுமிச்ச, எல்லாத்தையும் வெதுவெதுப்பான தண்ணில நல்லா தேச்சு கழுவு, மார்க்கெட் பழத்துல பளபளப்புக்கு மெழுகு தடவியிருப்பான். அப்பறம் பழத்த உரிக்கறதுக்கு முன்னாடியே காய்கறி தோல் சீவுறதால மேல்தோல மட்டும் மெல்லிசா சீவு. கமலாவுக்கு தோல் லூசா இருக்கும், சீவும்போது வழுக்கும், அழுத்தாம மெதுவா சீவு. உள்ள இருக்கற வெள்ள சதை வந்துட்டா கசக்கும். சீவுனத 150 கிராம் சக்கரையோட ஒரு பாத்திரத்துல போட்டு மத்தாலயோ குழவியாலயோ நல்லா நசுக்கி மூடி வெச்சுடு. ராத்திரி வெச்சா காலைல பாத்தா சக்கர பூரா ஈரமாயி எண்ணெ கசிஞ்சு நிக்கும், வீடே மணக்கும். அதுல ஒரு 100 மில்லி எலுமிச்ச ஜூஸ ஊத்தி சக்கர கரையற வரைக்கும் கலக்கி வடிகட்டு. அடுப்புல வெக்காத, சூடு பட்டா வாசனை பறந்துடும்.

ஷேக்கருக்கு பதிலா லாக் வெச்ச சில்வர் டிஃபன் டப்பா இல்ல ஜிம்முக்கு போற பசங்க புரோட்டீன் பவுடர் ஆட்டுற பாட்டில் போதும். ஐஸ் நெறைய போடு, கஞ்சத்தனம் பண்ணி ரெண்டு கட்டி போட்டா அது சீக்கிரம் உருகி தண்ணியாயிடும், டப்பா நெறைய போட்டாத்தான் சட்டுனு குளுரும். ஒரு 15 செகண்டு பலமா ஆட்டி டீ வடிகட்டில வடிச்சு ஊத்து. சோடா சேக்கறதா இருந்தா ஆட்டி முடிச்சப்பறம் மேல ஊத்து, சோடாவ உள்ள போட்டு ஆட்டுனா மூடி பிச்சுக்கும்.


மஞ்சக்குப்பம் மீனா:

நார்த்தங்காய் பத்தி கேட்டீங்களே அதுக்கு மட்டும் நான் சொல்றேன், குடிக்கற விஷயத்துல நான் தலையிடல. நார்த்தங்காய் ஜூஸ் தனியா எடுத்தா ஒரு முரட்டுக் கசப்பு இருக்கும், பச்சையா இருந்தா இன்னும் மோசம், மஞ்சளா பழுத்தத மட்டும் எடுங்க. ஆனா அதோட தோலு, அய்யோ, கமலாவெல்லாம் அதுக்கு முன்னாடி நிக்காது. அந்தண்ணன் சொன்ன சக்கரைல நாலு கமலாவோட ஒரே ஒரு நார்த்தங்காய்த் தோல் சீவிப் போட்டா போதும், ரெண்டாவது போட்டா மத்ததெல்லாம் செத்துடும்.

அப்பறம் மரம் இருக்குன்னு சொல்றீங்க, எல நெனைப்பே வரலியா உங்களுக்கு? நார்த்த எல கொழுந்தா ரெண்டு பறிச்சு நடு நரம்ப கிழிச்சு எடுத்துட்டு கைல வெச்சு ஒரு தட்டு தட்டி கிளாஸ்ல போடுங்க. வேப்பிலைக்கட்டிக்கு இடிக்கும்போது வருமே அதே வாசம். வேப்பிலைக்கட்டில வேப்பிலையே கெடையாது, நார்த்த எலையும் எலுமிச்ச எலையும்தான், அது உங்களுக்கே தெரியும்.

வீட்டுல உப்பு நார்த்தங்காய் இருக்கா? சுருள் சுருளா நறுக்கி உப்பு அடைச்சு வெயில்ல காயவெச்சது. நல்லா காஞ்சு கருத்ததா ஒரு துண்டு எடுத்து காஞ்ச மொளகா ஒன்னோட மிக்ஸில பொடி பண்ணி, கிளாஸ் வாய எலுமிச்சையால தடவிட்டு இந்தப் பொடில கவுத்து எடுங்க. பெரிய ஓட்டல்ல வெறும் உப்பத்தான் தடவுறாங்க. என் வீட்டுக்காரரு இத பாத்துட்டு பொடி டப்பாவ ஒளிச்சு வெக்கிறாரு.

பசங்களுக்கும் அண்ணிக்கும் நன்னாரி சர்பத் எடுங்க. ரெண்டு ஸ்பூன் நன்னாரி, அர மூடி எலுமிச்ச, ஒரு கரண்டி கமலா ஜூஸ், துளி உப்பு, மேல கோலி சோடா, அதே நார்த்த எல. சக்கர தனியா வேணாம், சர்பத்லயே வேண்டிய அளவு இருக்கு.


முத்தியால்பேட்டைக்காரன்:

மீனாக்கா, பார்மேன் அண்ணே, ரெண்டு பேருக்கும் கோடி கும்பிடு. உப்பு நார்த்தங்காய் பொடி மேட்டரு செம. இப்ப அடுத்த சந்தேகம், பன்னெண்டு பேருக்கு நான் ஒவ்வொரு கிளாஸா டப்பால போட்டு ஆட்டிட்டு நின்னா எனக்கு எப்ப நியூ இயர் வரும்? காலைலயே ஜூஸெல்லாம் புழிஞ்சு வெச்சுடலாமா, மிக்ஸில அடிச்சா வேல சீக்கிரம் முடியுமே? பழக்கடைல கமலா பக்கத்துலயே பச்சையா சாத்துக்குடியும் நல்லா வந்திருக்கு, அதயும் சேக்கலாமா? ஐஸுக்கு தேங்காய்த்திட்டு துறைமுகம் பக்கம் சொல்லி வெச்சிருக்கேன், பெரிய பெரிய பாளமா குடுப்பான்.


பழைய பார்மேன்:

துறைமுகத்து ஐஸா! அத மொதல்ல கேன்சல் பண்ணு. அது மீனுக்குப் போடற ஐஸு, எந்தத் தண்ணில போடறான், எங்க இழுத்துட்டு வர்றான்னு பாத்தா நீ வாயில வெக்க மாட்ட. அத பாட்டில் குளுர வெக்கறதுக்கு அன்னக்கூடைல போட்டுக்க, கிளாஸுக்குள்ள வரக்கூடாது. குடிக்கற ஐஸ கேன் தண்ணில வீட்டுலயே ரெண்டு நாளைக்கு முன்னாடிலேர்ந்து போட்டு சேத்து வெய்யி. டிஃபன் பாக்ஸ்ல தண்ணி ஊத்தி ஃப்ரீசர்ல வெச்சா பெரிய பாளமா கெடைக்கும், பெருசா இருந்தா மெதுவா உருகும்.

மிக்ஸி கூடவே கூடாது. கொட்ட அரைஞ்சா அதுலேர்ந்து வர்ற கசப்ப எந்த சக்கரையும் மறைக்காது. கைல புழியற அந்த அலுமினிய எலுமிச்ச பிழியி போதும், கமலாவ குறுக்க வெட்டி புழி. பழம் ஃப்ரிட்ஜ்லேர்ந்து எடுத்த உடனே புழியாத, வெளிய வெச்சு டேபிள் மேல உள்ளங்கையால அழுத்தி உருட்டிட்டு புழிஞ்சா ஜூஸ் தாராளமா வரும்.

சாத்துக்குடி சேக்கறதுன்னா ஒரு விஷயம். புழிஞ்சவுடனே குடிச்சா தேனு, ரெண்டு மூனு மணி நேரம் வெச்சா கசக்க ஆரம்பிச்சுடும். ஜூஸ் கடைல நம்ம கண்ணு முன்னாடியே புழிஞ்சு குடுக்கறது அதுக்குத்தான். பழத்துக்குள்ள கசப்பில்லாம கெடக்குற ஒரு சத்து, புழிஞ்சதும் ஜூஸோட புளிப்புல பட்டு கொஞ்சம் கொஞ்சமா லிமோனின்ற கசப்புப் பொருளா மாறுது. ஃப்ரிட்ஜ்ல வெச்சா கொஞ்சம் தள்ளிப் போகுமே ஒழிய நிக்காது. கமலால இந்தத் தொல்ல கம்மி, எலுமிச்சையும் சாயங்காலம் புழிஞ்சு ராத்திரி வரைக்கும் தாங்கும். அதனால மொத்தமா கலக்கறதுக்கு சாத்துக்குடி வேணாம், ஆசையா இருந்தா அதோட பச்சத் தோல மட்டும் சீவி சக்கரைல போடு, வாசனை அருமையா இருக்கும்.

மொத்தமா போடற கணக்கு இந்தா. ஒரு ஃபுல்லு, 750 மில்லி, அதுல பன்னெண்டு லார்ஜ் வரும். அதுக்கு கமலா ஜூஸ் 550 மில்லி, எலுமிச்ச 250, தோல் சக்கரப் பாகு 180, ஒரு டீஸ்பூன்ல கால் பங்கு உப்பு, குளுந்த தண்ணி 300 மில்லி. தண்ணி எதுக்குன்னு கேக்காத, டப்பால ஆட்டும்போது ஐஸ் உருகி உள்ள எறங்குற தண்ணிக்கு பதிலா இது. அத விட்டுட்டா தொண்டைய எரிக்கும். சாயங்காலம் ஆறு மணிக்கு கலந்து பாட்டில்ல ஊத்தி ஃப்ரிட்ஜ்ல வெச்சுடு, ராத்திரி ஐஸ் மேல ஊத்திக் குடுத்துட்டே இரு. இந்த மொத்தக் கலவை ரெண்டு லிட்டர் வரும், அதுல சாராயம் 15, 16 சதவீதம் நிக்கும், நம்ம ஊரு சரக்கு 42.8 சதவீதம்ன்ற கணக்குல. அதாவது ஒயினவிட தூக்கல். ஆனா வாயில ஜூஸ் மாதிரிதான் எறங்கும், அத்தை பையன் நாலாவது கிளாஸ் கேக்கும்போது இத ஞாபகப்படுத்து.


ஈசிஆர்_எஞ்சின்:

அண்ணே கமலாவுக்கு ஜின்னு, வெள்ளை ரம்முன்னு எதுக்கு? ஓல்டு மங்க்க விட்டா என்ன இருக்கு? கருப்பு ரம், கமலா ஜூஸ், எலுமிச்ச, கொஞ்சம் வெல்லப் பாகு, மேல ஒரு பட்டைய ஒரசி விட்டா டிசம்பர் மாச குளுருக்கு அதுக்கு மேல ஒன்னும் கெடையாது. நம்ம ஊருக்கு குளுருன்னு ஒன்னு இருக்கான்னு கேட்டா அது வேற கதை.


பழைய பார்மேன்:

கருப்பு ரம்மும் நல்லாத்தான் இருக்கும், மறுக்கல. ஆனா அதுல ஏற்கனவே கருகுன சக்கர, வெனிலா வாசம் நிக்கும், நீ பாடுபட்டு சீவுன தோல் வாசனைய அது முழுங்கிடும். கருப்பு ரம்னா நார்த்தங்காய விட்டுட்டு கமலா, எலுமிச்ச, வெல்லம், ஜாதிக்காய்னு போ. ஜாதிக்காய மேல துருவிப் போடறது புதுசு இல்ல, தேவனாம்பட்டினத்து கோட்டைய 1690ல வாங்கி உக்காந்த இங்கிலீஷ் கம்பெனிக்காரனுங்க காலத்துல 'பஞ்ச்'னு குடிச்சதே சாராயம், எலுமிச்ச, சக்கர, தண்ணி, ஜாதிக்காதான். பெரிய கிண்ணத்துல கலக்கி நடுவுல வெச்சு ஆளாளுக்கு மொண்டு குடிப்பானுங்க. உன் மாடிக்கும் அதே டெக்னிக் சரிப்படும், நல்லதா ஒரு பித்தள குண்டான்... வேணாம் வேணாம், புளிப்பு அயிட்டத்த ஈயம் பூசாத பித்தளைல வெக்கக் கூடாது, கண்ணாடி இல்ல எவர்சில்வர்.


ரெயூனியன் பேரன்:

அத்தை பையன் பிரான்ஸ்லேர்ந்து வர்றான்னா அவனுக்கு இத சொல்லுங்க, அசந்துடுவான். எங்க தாத்தாவோட அப்பா காலத்துல காரைக்கால்லேர்ந்து கப்பல் ஏறி ரெயூனியன் தீவுக்கு கரும்புத் தோட்ட வேலைக்குப் போனவங்க நெறைய, எங்க சொந்தத்துல பாதி இன்னும் அங்கதான். அங்க வீட்டுக்கு வீடு ரம் அரான்ஜேன்னு ஒன்னு இருக்கும், வெள்ளை ரம்முல பழம், தோலு, பட்ட, வெனிலா எல்லாம் போட்டு மாசக்கணக்கா ஊற வெப்பாங்க. விருந்தாளி வந்தா சாப்பாட்டுக்கு அப்பறம் சின்ன கிளாஸ்ல கொஞ்சூண்டு ஊத்திக் குடுப்பாங்க.

அதுல எனக்குப் புடிச்சது 44ன்றது. ஒரு ஆரஞ்ச முழுசா கழுவித் தொடச்சு, கத்தி முனையால 44 எடத்துல கீறி ஒவ்வொன்னுலயும் ஒரு வறுத்த காப்பிக் கொட்டைய சொருகணும். ஒரு ஜாடில போட்டு 44 சக்கரக் கட்டி, ஒரு லிட்டர் வெள்ளை ரம், 44 நாள் மூடி வெய்யி. அவ்ளோதான். கட்டிச் சக்கர கெடைக்கலன்னா ஒரு கட்டிக்கு 4, 5 கிராம்னு வெச்சு சாதா சக்கரையே போடலாம். நம்ம பாட்டில் 750தானே, சக்கரைய முப்பத்தி மூனு கட்டி அளவுக்கு கொறச்சுக்க, கொட்ட 44 இருக்கட்டும், பேருக்காவது. கமலா வேணாம், தோல் லூசா இருக்கறதால கொட்ட நிக்காது. சாத்துக்குடி சரியா இருக்கும். நியூ இயருக்கு ஆவாது, இப்ப போட்டா பிப்ரவரில எடுக்கலாம்.

உடனே ஆவணும்னா கரீபியன் பக்கம் மார்ட்டினிக்ல குடிக்கற டீ பஞ்ச். பேருல டீ இருக்கே ஒழிய தேயில கெடையாது. வெள்ளை ரம் 50 மில்லி, கரும்புப் பாகு ஒரு டீஸ்பூன், எலுமிச்சைய சைடுல ஒரு வட்டம் சீவி தோலோட புழிஞ்சு அப்பிடியே கிளாஸ்ல போட்டுடு, கலக்கு, குடி. ஐஸ் போடறதும் போடாததும் உங்க இஷ்டம். கரும்புப் பாகுக்கு எங்க போறதுன்னு பாக்காதீங்க, நெல்லிக்குப்பம், பண்ருட்டி பக்கம் நல்ல உருண்ட வெல்லம் கெடைக்குது, சம அளவு தண்ணில கரைச்சு துணில வடிகட்டுனா வேல முடிஞ்சுது. ஆனா பாத்துக்க, இது காட்டம். ஜூஸ் கெடையாது இதுல.


மருந்துக்கடை:

நடுவுல வர்றேன், மன்னிக்கணும். பம்ப்ளிமாஸ் ஒன்னு இருக்குன்னு சொன்னீங்கல்ல, அத கலக்கறதுக்கு முன்னாடி மாடில இருக்கற பெரியவங்க என்ன மாத்திர போடறாங்கன்னு ஒரு வார்த்த கேளுங்க. பம்ப்ளிமாஸும் கிரேப்ஃப்ரூட்டும் ஒரே குடும்பம், அதுல இருக்கற சில பொருள், மாத்திரைய கரைச்சு வெளிய அனுப்பற என்சைம அடக்கிடும், அப்ப அதே மாத்திர ஒடம்புல டபுள் டோஸ் மாதிரி நிக்கும். கொலஸ்ட்ராலுக்குப் போடற அட்டார்வாஸ்டாட்டின், சிம்வாஸ்டாட்டின், பிரஷருக்குப் போடற நிஃபெடிபின் இதுக்கெல்லாம் ஆகாது. மாத்திரைய காலைல போட்டுட்டேன், ராத்திரிதானே குடிக்கறேன்னு நெனைக்காதீங்க, அந்த எஃபெக்டு ஒரு நாளைக்கு மேல நிக்கும். கமலாவுக்கும் சாத்துக்குடிக்கும் இந்தப் பிரச்சன கெடையாது. மெட்ரோனிடசோல் கோர்ஸ்ல இருக்கறவங்க சரக்கே தொடக்கூடாது, பழம் என்ன பழம்.

இன்னொன்னு, நெறைய பேருக்குத் தெரியறதில்ல. மத்தியானம் மாடில உக்காந்து அம்பது எலுமிச்சைய புழிஞ்சுட்டு கைய சும்மா தொடச்சுட்டு அப்பிடியே வெயில்ல நிக்காதீங்க. எலுமிச்ச, நார்த்தங்காய்த் தோல் எண்ணெ தோல்மேல பட்டு அது மேல வெயில் பட்டா ஒன்னு ரெண்டு நாள்ல செவந்து கொப்புளம் வரும், அப்பறம் கருப்பா தழும்பு வாரக்கணக்குல நிக்கும். செஞ்சவங்க எண்ணெ தெறிச்சுதுன்னு நெனைச்சுட்டு பர்னால் கேட்டு வருவாங்க. நெழல்ல புழிங்க, சோப்பு போட்டு முழங்கை வரைக்கும் கழுவுங்க.


முத்தியால்பேட்டைக்காரன்:

மாமாவுக்கு கொலஸ்ட்ரால் மாத்திர ஓடுது, நல்லவேள சொன்னீங்க. பம்ப்ளிமாஸ உரிச்சு பசங்களுக்கு உப்பு மொளகாப்பொடி தூவிக் குடுத்துடறேன், கலவைக்குள்ள வராது.


திருப்பாப்புலியூர் தம்பி:

அண்ணா நான் கடலூரு, எனக்கும் உங்க பார்ட்டி பாத்து ஆசை வந்துடுச்சு. எங்க மாமா அரியாங்குப்பத்துல இருக்காரு, அவருகிட்ட சொல்லி பாண்டி சரக்குல இத மொத்தமா கலக்கி ரெண்டு லிட்டர் வாட்டர் பாட்டில்ல ஊத்தி எடுத்துட்டு வந்துடலாம்னு இருக்கேன், ஜூஸ் கலர்லதானே இருக்கும், ஆல்பேட்டை செக்போஸ்ட்ல கண்டுபுடிக்க முடியுமா? இல்லாட்டி ஊருக்குள்ள தெரிஞ்ச ஒருத்தரு லூசுல தர்றேன்றாரு, வாசனை இல்லாம தண்ணி மாதிரி இருக்காம், காக்டெயிலுக்கு நல்லா இருக்கும்னு சொல்றாரு.


ஈசிஆர்_எஞ்சின்:

தம்பி ரெண்டுமே வேணாம். டிசம்பர் 31 அன்னிக்கு ஆல்பேட்டைல மூடியத் தொறந்து மோந்து பாக்காம ஒரு பாட்டில விட மாட்டாங்க, ஜூஸ்ல கலந்தாலும் சரக்கு சரக்குதான், பர்மிட் இல்லாம தமிழ்நாட்டுக்குள்ள கொண்டு போனா மதுவிலக்கு கேஸு, வண்டியும் போயிடும். வருஷத்துக்கு மொத நாள் ஸ்டேஷன்ல உக்காரணுமா?

ரெண்டாவது சொன்னது அதவிட மோசம். லூசுல வர்றது எதுவா இருந்தாலும் தொடாத. 2023 மே மாசம் மரக்காணம் பக்கம் நடந்தது, 2024 ஜூன்ல கள்ளக்குறிச்சில நடந்தது, ரெண்டு கள்ளச்சாராய சாவும் நம்ம சுத்துவட்டாரம்தான், ரெண்டுலயும் மெத்தனால்ன்ற விஷச் சாராயம். அது வாயில வெச்சா வித்தியாசம் தெரியாது, கமலா ஜூஸ் ஊத்துனா சுத்தமா தெரியாது. மாமா வீட்டுல சக்கரப் பாகும் ஜூஸும் மட்டும் ரெடி பண்ணி எடுத்துட்டு வா, அத எவனும் ஒன்னும் சொல்ல மாட்டான், சரக்க உங்க ஊரு டாஸ்மாக்ல சீல் பாத்து வாங்கு. உனக்கு 21 ஆயிடுச்சுல்ல? தமிழ்நாட்டுல அதான் வயசு, பாண்டி மாதிரி 18 கெடையாது.


திருப்பாப்புலியூர் தம்பி:

23 ஆவுதுண்ணா. சரி பாகு மட்டும் எடுத்துட்டு வரேன். கடலூர் டாஸ்மாக்ல வெள்ளை ரம் எப்ப கெடைக்கும்னு சொல்ல முடியாது, இருக்கறதுல வோட்காதான். அதுக்கு ஏதாச்சும் மாத்தணுமா?


பழைய பார்மேன்:

வோட்கான்னா பாக கொஞ்சம் ஏத்து, 15க்கு பதிலா 20 மில்லி, சரக்குல ருசி இல்லாததுக்கு தோல் வாசனை ஈடு கட்டும். இன்னும் நல்லா வேணும்னா ரெண்டு நாளைக்கு முன்னாடி ஒரு குவாட்டர் வோட்காவ மட்டும் தனியா எடுத்து, 180 மில்லி, அதுல மூனு கமலாத் தோலு, பாதி நார்த்தங்காய்த் தோலு, வெள்ள இல்லாம சீவிப் போட்டு மூடி இருட்டுல வெய்யி. தோல் வெளுத்து சாராயம் மஞ்சளா மாறிடும். வடிகட்டி 100 மில்லி சக்கரப் பாகு சேத்தா அதான் உன் ஊரு டிரிப்பிள் செக்கு, ஃப்ரிட்ஜ்ல மாசக்கணக்கா நிக்கும். கிளாஸுக்கு 45 வோட்கா, 20 இது, 20 எலுமிச்ச, 30 கமலா.

முத்தியால்பேட்டைக்காரரே, இது உனக்கும்தான், மச்சினன் மார்கரிட்டா கேட்டான்னா வோட்கா எடத்துல டக்கீலா, கமலா ஜூஸ் இல்லாம, மீனாம்மா சொன்ன அந்தப் பொடி தடவுன கிளாஸ்ல ஊத்திக் குடு.


மஞ்சக்குப்பம் மீனா:

சைட் டிஷ் யாருமே கேக்கல? இவ்ளோ புளிப்பு இனிப்புக்கு எண்ணெல பொரிச்ச நெத்திலி, இல்ல சும்மா உப்பு போட்டு அவிச்ச கடல, மாங்கா வெங்காயம் போட்டது. காரமா மசாலா அடிச்சு சிக்கன் 65 வெச்சீங்கன்னா அந்த நார்த்த எல வாசம் யாருக்கும் தெரியாது. வெறும் வயித்துல குடிக்க விடாதீங்க.


முத்தியால்பேட்டைக்காரன்:

நெத்திலி சொல்லியாச்சுக்கா, பெரிய மார்க்கெட் மீன் கடைல. கடசியா ஒன்னு, தோல் சீவுன கமலாவ எல்லாம் அன்னிக்கே புழியணுமா? சக்கர முந்துன நாள் ராத்திரியே போடணும், அப்ப பழம் மொட்டையா கெடக்குமே, காஞ்சு போயிடாதா? அப்பறம் பாகு மீந்தா எவ்ளோ நாள் வெக்கலாம்?


பழைய பார்மேன்:

மொட்டப் பழத்த மூடி போட்ட டப்பால போட்டு ஃப்ரிட்ஜ்ல வெய்யி, ஒரு நாள் தாங்கும், மறுநாள் சாயங்காலம் வெளிய எடுத்து வெச்சு அர மணி கழிச்சு புழி. எலுமிச்ச மட்டும் தோல் சீவிட்டா சீக்கிரம் காயும், அத ஈரத்துணில சுத்தி வெய்யி. பாகுல எலுமிச்ச ஜூஸ் இருக்கறதால ஃப்ரிட்ஜ்ல ஒரு வாரம், அதுக்கு மேல வாசனை கொறைஞ்சுடும். வடிகட்டுன தோலத் தூக்கிப் போட்றாத, தட்டுல பரப்பி ஃபேன் காத்துல காயவெச்சா மொறுமொறுன்னு சக்கரப் படிஞ்ச மிட்டாயாயிடும், பசங்க பொங்கலுக்குள்ள தீத்துடுவாங்க.